மேம்பாலம் ஏறும்போது வரும் சத்தம்

மார்ச் 3, செவ்வாய்

கார் இன்றும் திக்கியது. சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் உலுக்குகிறது. கிளப்பினால் தும்முகிறது.

வீட்டுக்காரர் கல் உடைக்கும் இயந்திரத்தோடு வெளியூர் போயிருக்கிறார். இருபதாம் தேதிதான் வருவார். நான் பதினைந்தாம் தேதி இந்த வீட்டை விட்டுப் போகிறேன். ஊரின் அந்தக் கோடியில் அறை பார்த்தாகிவிட்டது, சாவி என் பையில். எடுத்துப்போக ஒரு தையல் மெஷின், இரண்டு பெட்டி. வேன் பிடித்தால் தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். வண்டி என் பேரில்தான் இருக்கிறது, அதில்தான் போவேன்.

எழுதினால் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

மார்ச் 4, புதன்

ஏன் போகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? அவர் அடிப்பதில்லை, குடிப்பதில்லை. ரெண்டு வருஷமா என் பேச்சு அவர் காதுல ஏறல, அவ்வளவுதான். தெருவில் லாரி திரும்பினால் எட்டிப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டால் மாடியிலிருந்து இறங்கி வருகிறார். நான் சமையலறையிலிருந்து பத்துத் தடவை கூப்பிட்டாலும் பதில் கிடையாது. மிஞ்சினால் ஒரு "ம்".

அம்மா போய்விட்டாள் என்று ஃபோன் வந்த அன்று, வாசற்படியில் நின்று சொன்னேன். முதுகைக் காட்டிக்கொண்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "ம்" என்றார். பாலிஷ் போடுவதை நிறுத்தவில்லை.

அன்றைக்கு மரத்துப்போனது இன்னும் அப்படியே இருக்கிறது.

மார்ச் 7, சனி

தெருமுனை மெக்கானிக் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி. அங்கே போனால் வண்டி சரியாவதற்குள் செய்தி அவருக்குப் போய்விடும். அதனால் மேம்பாலத்துக்குக் கீழே ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவிடம் போனேன். என்னைவிட நாலு வயது கூட இருக்கும். பெரிய வாய், அதைவிடப் பெரிய சிரிப்பு.

"நாலு சிலிண்டர்ல ஒண்ணு வேலை செய்யாம ஓசிச் சோறு திங்குது. எதுன்னு கண்டுபிடி. எஞ்சினை ஓட விட்டு பிளக் ஒயரை ஒவ்வொண்ணா கழட்டு. எதைக் கழட்டினா எஞ்சின் கண்டுக்காம இருக்கோ, அதான் ஆளு. வெறுங்கையால தொட்டுத் தொலைக்காத, தூக்கிப் போட்டுரும்."

துணி மாட்டும் மரக்கிளிப்பால் கழற்றினேன். ஒன்றாவதைக் கழற்றியதும் எஞ்சின் துவண்டது. இரண்டும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினேன், ஒரு மாற்றமும் இல்லை. இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு எஞ்சினை அணைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

மூன்றாவதின் பிளக்கை இரண்டில் போட்டேன், இரண்டினுடையதை மூன்றில். மறுபடியும் மூன்றாவதுதான் செத்தது. ஒயரையும் மாற்றிப் பார்த்தேன். அதே மூன்றாவது. பிளக்கும் ஒயரும் நல்லவை என்றால் கோளாறு அதற்கும் முந்தி.

மார்ச் 10, செவ்வாய்

கண்டுபிடித்தேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்து மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடிக்குள், மூன்றாவது ஒயர் செருகும் இடத்திலிருந்து மயிரிழை விரிசல், பென்சிலால் கோடு போட்டதுபோல் கறுப்பாக. தீப்பொறி அந்த வழியாகவே ஓடிப்போகிறது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

மார்ச் 14, சனி

புது மூடி. பழையதிலிருந்து எல்லா ஒயரையும் ஒரேயடியாகப் பிடுங்கி, புதியதில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சுற்றி வரிசையாகச் செருகினேன். சாவியைத் திருப்பியதும் வெடிச்சத்தம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

பத்தொன்பது வருஷமாகத் தபால் பிரிக்கிறேன். கை தானாகவே எண் வரிசைக்குப் போகிறது.

"எஞ்சின் உன் தபாலாபீஸ் இல்லம்மா," என்று ஃபோனில் சிரித்தாள் அக்கா. "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. அந்த முறையிலதான் வெடிக்கும்."

மாற்றினேன். உடனே பிடித்துக்கொண்டது. திக்கல் இல்லை, உலுக்கல் இல்லை. நாளைக்குக் கிளம்பலாம்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் தையல் மெஷினைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பெட்டிகளுக்கு இன்னொரு நடை வரலாம் என்று எண்ணம். மேம்பாலம் ஏறும்போது அந்தப் பழைய சத்தம் — கிணுகிணுவென்று, டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டு ஆட்டுவதுபோல். ரெண்டு வருஷமாக அவரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்த சத்தம். "ஒண்ணும் இல்லையே" என்பார். என்னைப் பொய்க்காரி ஆக்குகிறார் என்று எரியும்.

இறங்கி நேரே அக்கா கடைக்கு விட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் பாதி ஷட்டர் திறந்துதான் இருக்கும். மினுக்கி மினுக்கி எரியும் ஒரு விளக்கை எஞ்சினின் சக்கரத்தில் அடித்துப் பார்த்தாள். சக்கரத்துக் கோடு இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ நின்றது.

"பொறி ரொம்ப சீக்கிரமா விழுது. பிஸ்டன் மேல வந்து சேரறதுக்குள்ள வெடிச்சு அதும் மண்டையிலயே போடுது. அந்தச் சத்தம்தான் இது. யாரு வச்ச டைமிங்?"

"அவர்தான். விளக்கெல்லாம் கிடையாது, காதாலதான் வைப்பாரு. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் முன்னால திருப்பிட்டு மேம்பாலம் ஏறுவாரு. சத்தம் வர வரைக்கும் திருப்பி, வந்ததும் துளி பின்னால வச்சு இறுக்குவாரு."

"நல்ல முறைதான். ஆனா சத்தம் வந்தப்புறமும் திருப்பிக்கிட்டே போயிருக்காரே. என்ன வேலை பாக்குறாரு?"

கல் உடைக்கும் இயந்திரம், இருபத்திரண்டு வருஷம் என்றேன்.

அக்கா விளக்கை அணைத்தாள். "எங்க வீட்டுக்காரரும் லேத்துல நின்னு நின்னு அப்படித்தான் ஆனாரு. மெல்லிசு சத்தம்தான் முதல்ல போகும். லாரி, கதவு, ஆம்பளை குரல் எல்லாம் கேக்கும்."

"பொம்பளை குரல்?"

"முன்னால நின்னு பேசினா புரிஞ்சுக்குவாரு. பின்னால நின்னா, பாவம்."

டைமிங்கைச் சரிபண்ணித் தரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அறைக்குப் போகவில்லை, வீட்டுக்குத்தான் வந்தேன். தையல் மெஷின் பின்சீட்டிலேயே இருக்கிறது. எனக்கு அவர்மேல்தான் கோபம். ஏன் சொல்லல? ஏன்யா சொல்லல?

மார்ச் 17, செவ்வாய்

ஒன்றுமில்லை. தபால் பிரித்தேன்.

மார்ச் 20, வெள்ளி

வந்துவிட்டார். வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று, என் வழக்கமான குரலில் சொன்னேன்: "நான் உங்களை விட்டுட்டுப் போறேன்."

"ம்" என்று சோப்பை எடுத்தார்.

தோளைத் தொட்டுத் திருப்பினேன். "உங்களுக்குக் காது கேக்கல, இல்ல?"

ரொம்ப நேரம் துண்டால் கையையே துடைத்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சா வேலைய விட்டு எடுத்துருவாங்க."

"எனக்குத் தெரிஞ்சா நானுமா எடுத்துருவேன்?"

அம்மா போன அன்றைக்குப் படியில் நின்று சொன்னதைச் சொன்னேன். பாலிஷ் போட்டதையும் சொன்னேன்.

"பால் வாங்கப் போறேன்னு நீ சொன்னதா நெனச்சேன்," என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அவருக்கு வந்தது.

மார்ச் 22, ஞாயிறு

மேம்பாலத்தில் ஐந்து தடவை ஏறி இறங்கினோம். ஒவ்வொரு தடவையும் கீழே நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி பின்னால் திருப்பினார். அவர் ஓட்டினார், நான் கேட்டேன். சத்தம் வந்தால் அவர் கையைத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நாலு தடவை தட்டினேன். ஐந்தாவது தடவை தட்டவில்லை. உச்சிக்கு வந்ததும் என்னைப் பார்த்தார், இல்லை என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து தையல் மெஷினை இறக்கும்போதுதான் கேட்டார், இது ஏன் வண்டியில் இருக்கிறது என்று.

சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு சொன்னேன்.