பியானோக்காரனும் நானும்

ஜனவரி 10, 2026 – சனி

வெளிநாட்டுக்குப் படிக்க வந்து நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் லியாங் ஆன்ட்டி இன்று மறுபடியும் நினைவூட்டினார். பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு. செங்டுவிலிருந்து அவருடைய அண்ணன் மகன் வந்தாலும் வருவான். அதுவரை இந்த அறை எனக்கு, அப்புறம் பார்க்கலாம். திருச்சியில் அம்மா சொல்லும் ‘பார்க்கலாம்’ எப்படியோ அப்படித்தான் இதுவும் இருந்தது.

எனக்கு இந்த அறை வேண்டும். ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சை மரம், ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனுக்கு எட்டு நிமிட நடை, குளியலறை வாசலில் வரிசை கிடையாது. அதைவிட, கதவைத் திறந்ததும் ‘சாப்பிட்டியா’ என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார். இதை அம்மாவிடம் சொன்னால் அழுவாள். எலுமிச்சை மரத்தை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 17 – சனி

இந்த வீட்டுப் பெண் ஐரிஸுக்குப் பதினாறு வயது. வீட்டில் எந்தப் படம் பார்ப்பது என்பது அவள் முடிவு. இன்று ஒரு சீனத் திகில் படம். அங்கிள், ஆன்ட்டி, ஐரிஸ், நான், நான்கு பேரும் ஒரே சோபாவில்.

கதை இதுதான். நடுத்தரக் குடும்பம், அப்பா அம்மா ஒரு பெண். பியானோவைச் சரிசெய்ய ஒருவன் வருகிறான். விருந்தாளிச் செருப்பைப் போட்டுக்கொள்கிறான். போகிற போக்கில் ஒழுகும் குழாயையும் சரிசெய்கிறான். சாப்பிட்டுவிட்டுப் போ என்கிறார்கள். மறுவாரம் அந்தப் பெண் தன் மதிப்பெண்ணை அப்பாவிடம் காட்டாமல் அவனிடம் காட்டுகிறாள். கடைசிக் காட்சியில் துணிக்கொடியில் அப்பாவின் சட்டைக்குப் பக்கத்தில் அவன் சட்டை காய்கிறது. அப்பாவைக் காணோம்.

படம் முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். அங்கிள் திரும்பி என்னைப் பார்த்தார். சும்மா ஒரு பார்வைதான். ஆனாலும் –

நான் என்ன செய்திருக்கிறேன்? வந்த முதல் வாரமே வைஃபையைச் சரிசெய்தேன். ஆன்ட்டிக்கு ரசம் பழக்கிவிட்டேன், இப்போது தட்டில் ஊற்றிக் குடிக்கிறார். போன மாதம் ஐரிஸ் கெமிஸ்ட்ரி மதிப்பெண்ணை முதலில் என்னிடம்தான் காட்டினாள். பெருமையாக வேறு இருந்தது.

ஜனவரி 18 – ஞாயிறு

கூடப் படிக்கும் பற்றிமாவிடம் கதையைச் சொன்னேன். மன்னார்க்காரி. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்தது.

“எடி, அந்தப் படத்தில வாறவன் நீதானே. நல்லகாலம் அவையளிட்ட பியானோ இல்லை.”

இருக்கிறது என்று சொல்லவில்லை. போன அக்டோபரில் அதன் அடியில் சிக்கியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஜனவரி 24 – சனி

ஆன்ட்டி எனக்கு நன்றி சொல்வதை நிறுத்திவிட்டார்.

முன்பெல்லாம் ஒரு டம்ளரை நகர்த்தி வைத்தாலும் ‘தேங்க்யூ, தேங்க்யூ’ என்று இரண்டு முறை சொல்வார். இந்த வாரம் காய்கறிப் பையை ஸ்டேஷனிலிருந்து தூக்கி வந்தேன். வாங்கிக்கொண்டு, “வெங்காயம் எங்கே?” என்றார். புதன்கிழமை, “குப்பையைப் போடு.” அவ்வளவுதான், முன்னும் பின்னும் ஒரு வார்த்தை இல்லை. மீனில் எனக்குத் தனியாக எடுத்து வைக்கும் கன்னத் துண்டும் இப்போது வருவதில்லை.

எல்லாம் அந்தப் படத்துக்குப் பிறகுதான்.

ஜனவரி 31 – சனி

எந்த வருஷம் பிறந்தாய் என்று ஆன்ட்டி கேட்டார். 2002 என்றேன். அங்கிள் விரல்விட்டு எண்ணினார், இருவரும் சீன மொழியில் ஏதோ பேசினார்கள், பிறகு கவலையோடு என்னைப் பார்த்தார்கள். விசாரணை தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 7 – சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது. நாட்குறிப்பிடம் என்ன கூச்சம், எழுதுகிறேன்.

பின்பக்கம் துணி எடுக்கப் போனேன். கொடியருகே ஆன்ட்டி. கையில் என் ஜட்டி. அதைத் திருப்பி, உள்ளே தைத்திருக்கும் துண்டுச் சீட்டை வெயிலில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிளிப்பை மாட்டிவிட்டு, “நல்ல வெயில்” என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

அந்தப் பியானோக்காரனுக்குக்கூட இது நடக்கவில்லை.

எதைத் தேடுகிறார்? ஐரிஸின் துணி ஏதாவது காணாமல் போய்விட்டதா? திருடி என்று நினைக்கிறார்களா என்னை? அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். இவ்வளவு நாள் விளையாட்டாகத்தான் எழுதிவந்தேன். இன்று அப்படி எழுத முடியவில்லை. நான் இந்த வீட்டில் ஒரு ஸ்பூனைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை.

பிப்ரவரி 12 – வியாழன்

அவர்களாகப் போகச் சொல்வதற்கு முன் நானே போய்விடுவது மரியாதை. ஹோம்புஷில் பற்றிமாவின் ஃபிளாட்டில் ஒரு மூலை காலியாம்.

“ஓம், வந்து பார். அஞ்சு பேர் இருக்கிறம், ஒரு குசினி. வரிசையில நிண்டுதான் குளிக்க வேணும்.” அவள் குசினி என்பது சமையலறையை.

பிப்ரவரி 16 – திங்கள்

புத்தாண்டுக்கு முந்தைய நாள். காலையிலிருந்து ஆன்ட்டி சமையலறையில். “ஆறு மணிக்குச் சாப்பாடு” என்றார். குடும்பச் சாப்பாட்டில் எனக்கென்ன வேலை? படிக்க வேண்டும் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு ஹோம்புஷ் போய் மூலையைப் பார்த்தேன். மூலைதான்.

எட்டரைக்குத் திரும்பினேன். யாரும் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 17 – செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

போவதானாலும் நல்ல பெயரோடு போகலாம் என்று ஆறு மணிக்கு எழுந்தேன். பண்டிகை நாள், நம் வீட்டில் என்ன செய்வோம்? கூடத்திலிருந்து வாசல்வரை பெருக்கித் தள்ளினேன். கடைசிக் குப்பை வாசற்படியைத் தாண்டும் நேரத்தில் ஆன்ட்டி வந்தார். ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், எதிர் வீட்டு நாய் குரைத்தது. துடைப்பத்தைப் பிடுங்கினார்.

“முதல் நாள்! முதல் நாள் யாராவது பெருக்குவாங்களா? வீட்டு அதிர்ஷ்டத்தையெல்லாம் தெருவில தள்ளிட்டே. உள்ள கொண்டா.”

உண்மையாகவே குப்பையை அள்ளி உள்ளே கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். மூலையில் கொட்டினேன். அவர் நிறுத்தவில்லை.

“நேத்து நாலு கிண்ணம் வச்சேன். நீ வரல. மீன் ஆறிப்போச்சு. அங்கிள் உனக்காக ஏழு மணி வரைக்கும் சாப்பிடல. குதிரை வருஷத்தில பிறந்துட்டு, குதிரை வருஷத்தில சிவப்பு இல்லாம ஊர் சுத்துறே, காலையில துடைப்பம் வேற.”

ஐரிஸ் தூக்கக் கலக்கத்தோடு வந்து விளக்கினாள். சீனக் கணக்கில் வருஷத்துக்கு ஒரு விலங்கு; பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிறந்த அதே விலங்கின் வருஷம் திரும்பி வந்தால் ஆகாதாம். நம் ஏழரைச் சனி போல. சிவப்பு உள்ளாடை போட்டால் எதுவும் அண்டாது. அதையும் வீட்டுப் பெரியவர்கள்தான் வாங்கித் தர வேண்டும். நேற்று இரவுக்குள் தந்திருக்க வேண்டுமாம்.

ஆன்ட்டி ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தார். மூன்று ஜட்டி, குங்குமச் சிவப்பு. அளவு சரியாக இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “தேங்க்யூ ஆன்ட்டி, ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்” என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

“அம்மா பிளம்பருக்குத்தான் தேங்க்ஸ் சொல்வாங்க” என்றாள் ஐரிஸ். “வீட்டில் உள்ளவங்களுக்கு எதுக்கு?”

நான் இதை யோசித்திருக்க வேண்டாமா? திருச்சியில் அப்பாவுக்கு நான் ஒருநாளாவது நன்றி சொல்லியிருக்கிறேனா? சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். இந்த ஊருக்கு வந்து பஸ் டிரைவருக்கெல்லாம் நன்றி சொல்லிச் சொல்லி எனக்குப் புத்தி மாறிவிட்டது.

ஆறிய மீனைச் சூடாக்கிக் கொடுத்தார். கன்னத் துண்டு இல்லை, வால் பக்கம். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 21 – சனி

அங்கிளும் குதிரையாம், 1978. இன்று கொடியில் அவருடைய சிவப்பும் என்னுடைய சிவப்பும் அருகருகே காய்ந்தன. படம் எடுத்துப் பற்றிமாவுக்கு அனுப்பினேன். “கடைசிக் காட்சி வந்திட்டுது. அங்கிள் உயிரோட இருக்கிறாரோ?” என்று கேட்டிருக்கிறாள்.

பிப்ரவரி 28 – சனி

அண்ணன் மகன் ஜுன் வந்துவிட்டான். சோபாவில் படுக்கை. என் அறைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நல்ல பையன்தான். வந்த அன்றே யாரும் கேட்காமல் சமையலறைக் குழாயைச் சரிசெய்தான். ஆன்ட்டி நான்கு முறை தேங்க்யூ சொன்னார். மத்தியானம் ஐரிஸ் அவனிடம் மதிப்பெண் பட்டியலைக் காட்டியதைப் பார்த்தேன். அங்கிளும் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“குப்பையைப் போடு” என்றார் ஆன்ட்டி. போட்டுவிட்டு வரும்போது கொடியை ஒருமுறை சரிபார்த்தேன். இதுவரை எங்கள் துணிதான். பையன்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.