தீவில் பங்கு போன பெயர்

போகிக்குப் பரண் ஒதுக்கும்போது தீவுக்குக் கொண்டுபோன முதுகுப்பை கையில் சிக்கியது. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்ததும் வெயிலுக்குப் பூசும் கிரீமின் வாசனை குப்பென்று வந்தது. டியூப் வெடித்து உள்துணியெல்லாம் ஊறிக் கிடக்கிறது. "நாப்பது வருசம் மதுரை வெயில்ல வெந்தவளுக்கு இது எதுக்குடி" என்று கேட்டுவிட்டு, என்னிடமிருந்தே வாங்கி மூக்கில் மட்டும் அப்பிக்கொள்வாய். அந்த வெள்ளை மூக்கோடுதான் இப்போதும் என் முன்னால் நிற்கிறாய்.

அந்தமானில் அந்தச் சின்னத் தீவுக்கு நாம் இருவர் மட்டும் போவதாகத்தான் கல்லூரி நாளிலிருந்து பேச்சு. கல்யாணம், பிள்ளைகள், மாற்றல் என்று தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் கிளம்பும்போது மூன்று பேர் ஆகிவிட்டோம். உன் அலுவலகத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த பூங்கொடி. "பாவம்டி, ஊருல யாரையும் தெரியாம தனியாக் கெடக்கா. வரட்டுமே" என்றாய். நானும் தலையாட்டினேன்.

அவள் நல்லவள். என் சிக்கலே அதுதான். நாம் தங்கிய குடிசையில் கொசுவலை கிழிந்திருந்ததைப் பார்த்து ஊசி நூல் எடுத்துத் தைத்தவள் அவள். நீ உசிலம்பட்டியில் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவள். அவளும் தோட்டத்துக் கிணற்றில் பழகியவள். கடலில் தலைகள் மட்டும் தெரிய இருவரும் பேசிக்கொண்டே மிதப்பீர்கள். விளாங்குடியில் குழாய்த் தண்ணீரில் வளர்ந்த நான் கரையில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தேன். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை.

கடைசி நாள். மதியம் படகு. கயிற்றில் கிடந்த துணிகள் அந்தக் காற்றில் காயவே இல்லை. ஈரத்தோடு சுருட்டித் திணித்துக்கொண்டிருந்தோம். நீ உன் பையை முழங்காலால் அமுக்கியபடி, "மாப்ள, அந்தத் துண்ட எடு" என்றாய். எடுத்து நீட்டினேன். நிமிர்ந்து பார்த்தாய்.

"உன்னய இல்லடி. இவளச் சொன்னேன்."

பூங்கொடி சிரித்தாள். "ஏனுங்க, எனக்கே இன்னும் கல்யாணம் ஆகல. அதுக்குள்ள என்னைய மாப்பிள்ளைங்கறீங்க?"

"எங்க ஊருல அப்படித்தான். மனசுக்குப் பிடிச்சவுக அம்புட்டுப் பேரும் மாப்ள."

துண்டு என் கையிலேயே இருந்தது.

கல்லூரி கேண்டீனில் பையன்கள் ஒருவரை ஒருவர் மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், "அவனுகளுக்கு மட்டும் பட்டா போட்டா குடுத்துருக்கு?" என்றாய். என் பக்கம் திரும்பி, "மாப்ள, தள்ளி உக்காரு" என்றாய். அன்றோடு நீயும் நானும் ஒருவருக்கொருவர் மாப்ள. எனக்குக் கல்யாணமான புதிதில் நீ போன் செய்து "மாப்ள இருக்காளா?" என்று கேட்க, என் மாமியார் ஒன்றும் புரியாமல் ரிசீவரை என் கணவரிடம் கொடுத்தார். அந்தப் பெயரைத்தான் ஈரத்துணிகளுக்கு நடுவில் இன்னொருத்திக்குக் கொடுத்தாய்.

படகில் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். நீ வந்தாய்.

"மூஞ்சி ஏன் இம்புட்டு நீளத்துக்கு இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"மதுரையில டீ ஆத்துறவர்ல இருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் எல்லாரும் மாப்ளதான. அதுக்குப் போயி இப்படியா?"

"அப்ப நான் உனக்குக் கண்டக்டரு?"

விழுந்து விழுந்து சிரித்தாய். "சரி விடு. அவ மாப்ள. நீ இனிமே மச்சான். மொறையும் சரியாப் போச்சு."

"எனக்கு மச்சான் வேணாம்."

"அடிப்பாவி, அழுதுருவ போலிருக்கே" என்று என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாய். எதிரில் பூங்கொடி மூன்று பைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ என் தோளில் தூங்குவதை அவள் பார்க்கட்டும் என்று, கை மரத்துப் போன பிறகும் நான் அசையவில்லை.

அடுத்த ஆடியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பவில்லை. உசிலம்பட்டியில் உன் வீட்டு முற்றத்தில் பெண்கள் முறை சொல்லி அழுதார்கள். அக்கா என்றார்கள், மதினி என்றார்கள், சித்தி என்றார்கள். எனக்கு இருந்த முறையை அத்தனை உறவுக்காரர்கள் நடுவில் சொல்ல நா எழவில்லை. பிறகு பூங்கொடி வந்தாள். வாசலிலிருந்தே "மாப்ள" என்று அலறிக்கொண்டு வந்து உன் மேல் விழுந்தாள்.

உன் மதினி என் காதருகே குனிந்தார். "யாருத்தா இது, பொம்பளையப் போயி மாப்ளங்கிறா?"

"கூட வேல பாக்குறவங்க மதினி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். உன் தலைமாட்டில் நின்றுகொண்டும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. நான் அழ வேண்டிய அழுகையை அவள் எடுத்து அழுதுவிட்டாள்.

பூங்கொடி இப்போது கோயம்புத்தூருக்கே மாற்றல் வாங்கிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். எடுத்ததும், "நல்லாருக்கீங்களா மாப்ள?" என்கிறாள். மாப்ளவோடு மரியாதையும் சேர்த்துப் பேச அவளால்தான் முடியும். ஒரு வாரம் வேண்டுமென்றே எடுக்காமல் விட்டேன். அந்த வாரம் முழுக்க என்னை யாருமே கூப்பிடாதது போல இருந்தது. என்னை அப்படிக் கூப்பிட இனி அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

ஆகவே எடுக்கிறேன். உன்னைப் பற்றித்தான் பேசுகிறோம். பேசி முடித்து வைக்கும்போது, "சரி மாப்ள" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கிறாள். நானும் திருப்பிச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறாள் போல. "சரி பூங்கொடி" என்கிறேன். அந்தப் பெயரை உன்னைத் தவிர இன்னொருத்திக்குக் கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.