கேமராவுக்கு வைத்த பொட்டு

செப்டம்பர் 22, திங்கள்

ஒரகடத்தில் கியர்பாக்ஸ் லோடு ஏற்றியாகிவிட்டது. புனே பக்கம் சாக்கன் வரை.

கேபினில் கண்ணாடிக்கு மேலே கேமரா மாட்டி இரண்டு மாதம் ஆகிறது. கொட்டாவி விட்டால் கத்துகிறது, கண் சொருகினால் கத்துகிறது. பெண் குரல், அதுவும் இந்தியில். இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறேன், கனகலட்சுமியைத் தவிர யாரும் என்னை இப்படி அதட்டியதில்லை. "வாய மூடு" என்பேன். எங்கே மூடுகிறது!

வாலாஜா பக்கம் ஓரங்கட்டி கனகத்துக்குப் போன் போட்டேன். பெல்ட்டைக் கழற்றியதும் அது ஆரம்பித்துவிட்டது. "யாருய்யா அது, வண்டியில பொம்பள சத்தம்?" என்றாள். கேமரா என்று நம்பவைப்பதற்குள் ஒரு டீ முழுசும் ஆறிப்போனது.

தீபாவளிக்குள் நாலு ஏசி கேபின் வண்டி வருகிறது. டிரைவர்கள் முப்பது பேர். கேமராவில் கெட்ட பேர் வாங்காத நாலு பேருக்குத்தான் சாவி. சூப்பர்வைசர் ரகு, "தணிகா அண்ணே, உங்க பேரு மூணாவதுல கீது. கெடுத்துக்காதீங்க" என்றான். ஒவ்வொரு கோடையும் முதுகெல்லாம் வேர்க்குரு வெந்து சட்டை ஒட்டிக்கொள்கிற எனக்கு அந்த வண்டி வேண்டும். வேண்டும்தான், அதில் என்ன வெட்கம்?

செப்டம்பர் 24

தாவணகெரேயில் மழை. சாம்பாரில் வெல்லம். சாப்பிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ரகுவிடம் கேட்டு வண்டியைப் படப்பைக்கே கொண்டுவந்து, வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நிறுத்திக் கழுவினோம். பதினாலு சக்கரத்துக்கும் கனகம் ஒருத்தியே சந்தனம் குங்குமம் வைத்தாள். லைட்டு, கண்ணாடி, ஸ்டியரிங் எதையும் விடவில்லை. நான் கீழே பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது கேபினில் ஏறிக் கண்ணாடிக்கு மேலே மாலையும் கட்டிவிட்டாள். எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி இறக்கியதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொரிகடலை. நல்ல நாள்.

அக்டோபர் 3

மறுபடி சாக்கன். கிருஷ்ணகிரியில் வாய் கிழியக் கொட்டாவி விட்டேன், கேமரா கம்மென்று இருக்கிறது. அதற்கும் பூஜை லீவு போலிருக்கிறது. நிம்மதி.

அக்டோபர் 4, சனி

ஹூப்ளியில் ரகு போன். "இன்னாண்ணே, கேமராவ மூடி வெச்சிகினு ஓட்றீங்களாமே? நேத்துலேர்ந்து ஒண்ணுமே தெரியலன்னு சேஃப்டி மேடம் கேக்கறாங்க."

மாலையை விலக்கிப் பார்த்தேன். லென்ஸின் நடுவில் காய்ந்துபோன சந்தனம், அதன் மேல் குங்குமம். கனகத்தின் விரல் அச்சு அப்படியே இருந்தது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என் பொண்டாட்டி பொட்டு வைத்துவிட்டாள் என்று சொன்னால் முடிந்தது. வாய் வரவில்லை. யார்டு முழுக்க அவள் பேரைச் சொல்லிச் சிரிப்பார்கள். "கவனிக்கல ரகு, தப்புதான்" என்றேன். கேமராவை மூடினால் லிஸ்டில் பேர் இருக்காது. போச்சு. சந்தனத்தைத் துடைத்ததும் அந்த இந்திக்காரி உடனே கத்தினாள். கத்து, நல்லா கத்து.

அக்டோபர் 8, புதன்

வண்டியோடு வீட்டுக்கு வந்தேன். சொல்லக்கூடாது என்றுதான் வந்தேன். மழைக்குத் தார்ப்பாய் பார்க்க வந்த கனகம் கேபினை எட்டிப் பார்த்து, "வெச்ச பொட்ட யாருய்யா அழிச்சது?" என்று கேட்டாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "நீ வெச்ச பொட்டாலதான்டி ஏசி வண்டி கைவுட்டுப் போச்சு" என்று கத்திவிட்டேன். முழுக்கதையும் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஏன்டா தணிகாசலம், உனக்கு இந்த வாய் தேவையா? அவ ஆசையாத்தானே வெச்சா?

அக்டோபர் 9

காலையில் கனகம் வீட்டில் இல்லை. சந்தைக்குப் போயிருப்பாள் என்று இருந்தேன். பத்தரைக்கு ரகு போன் செய்தான், சிரிப்பை அடக்கமுடியாமல். "அண்ணே, அண்ணி ஆபீசுக்கு வந்துகிறாங்க!"

ஷேர் ஆட்டோ பிடித்து ஒரகடம் போய், பாதுகாப்பு பார்க்கும் வசுதா மேடத்தின் மேசைக்கு எதிரே நின்றுவிட்டாளாம். இத்தனை வருஷத்தில் யார்டு வாசலைக்கூட மிதிக்காதவள். ரகு சொன்னபடியே எழுதுகிறேன்: "தப்பு அவருது இல்லீங்க, நான் வெச்சது. ராவும் பகலும் அதுதான் என் வூட்டுக்காரர தூங்கவுடாம பாத்துகினு கீது. எல்லாத்துக்கும் வெச்சிட்டு அதுக்கு மட்டும் வெக்காம வுட மனசு வர்ல."

அதற்கு மேடம், "எங்கம்மா என் லேப்டாப் ஸ்கிரீன்லயே வெச்சிருக்கா, போங்க" என்றாராம். என்னுடைய இரண்டு மாதப் பதிவையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். கொட்டாவியைத் தவிர ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை.

கனகம் வந்ததும் நான் காபி போட்டேன். "சக்கர இல்ல" என்றாள். குடித்தாள்.

அக்டோபர் 17, வெள்ளி

வண்டிகள் வந்துவிட்டன. நாலாவதாக என் பேர். மூணாவதிலிருந்து ஒரு படி இறக்கிவிட்டார்கள், பரவாயில்லை. நாலு வண்டிக்கும் பூஜை போட மேடம் கனகத்தைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். "எங்க வெக்கணும்னு அவங்களுக்குத்தான் இப்போ நல்லாத் தெரியும்." கனகம் பட்டுப்புடவையில் வந்து, நாலு கேபினிலும் ஏறி, கேமராவுக்கு இரண்டு விரல் கீழே பொட்டு வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், அதுவும் சந்தோஷத்தில்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்து முதல் லோடு. வெளியே மழை, உள்ளே ஜில்லென்று இருக்கிறது, முதுகு காய்ந்திருக்கிறது. ஆம்பூர் தாண்டி ஒரு கொட்டாவி வந்தது. உடனே இந்தியில் அதட்டல்.

"சரிம்மா" என்று சொல்லி, வண்டியை ஓரங்கட்டி டீ குடித்தேன்.