கையால் அழுத்திப் பிடித்த லென்ஸ்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் மகளும் இங்கே சுகமாகவே இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மருமகள் மாதிரி நான் கூப்பிட்டால் வருவதில்லை, அதை விடு. அங்கே உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது, குளிர் விட்டதா, பசிக்கிற நேரத்தில் சாப்பிடுகிறாயா, வேலை முடிகிற நேரத்தில் சாப்பிடுகிறாயா என்று உள்ளபடி எழுது. வாராவாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அம்மாவுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் இருப்பது உன் மகள் மைனாவின் கையில். இருப்பதோ ஒரே அறை, நான் அடுப்பிடம் முணுமுணுத்தாலும் கட்டிலில் இருப்பவளுக்குக் கேட்டுவிடும். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதனால்தான் அஞ்சாம் வகுப்போடு மூட்டை கட்டி வைத்த எழுத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். அவள் கல்லூரிக்குப் போயிருக்கிறாள். கீழ்வீட்டுத் தையல்காரர் தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்றிருக்கிறார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தையல்காரர் ஊசியில் நூல் கோக்கிற கையை உன் மகள் படம் எடுத்தாள் அல்லவா, அதைக் கல்லூரியில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். தையல்காரரும் ஒன்று வாங்கித் தன் மிஷினுக்கு மேலே ஒட்டிக்கொண்டார், அளவு கொடுக்க வருகிறவர்களிடம் முதலில் என் கையைப் பாருங்க, அப்புறம் துணியைக் கொடுங்க என்கிறார். நான் சிலிண்டர் போடுகிறவரிடம் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன். காய்காரம்மாவோ, பாட்டி இதையேதான் போன வாரமும் சொன்னீங்க என்று இழுத்தாள். நீயும்தான் தினம் தக்காளி தக்காளின்னு கத்துற, நான் ஏதாவது கேட்டேனா என்று சொல்லிவிட்டு வந்தேன். என் பேத்தி, நான் சொல்லாமல் யார் சொல்வது. அந்தப் படம், அவள் கல்லூரியில் மேல்வகுப்புப் பெண்ணிடம் வாங்கினாளே பழைய கேமரா, அதோடு வந்த குட்டை லென்ஸில் எடுத்தது. அதை ஞாபகம் வைத்துக்கொள், நீ அனுப்பியதில் எடுத்தது இல்லை.

இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டு மனசு நொந்துகொள்ளாதே கண்ணு. நீ உன் கூட்டாளியிடம் கொடுத்து அனுப்பினாயே அந்த நீள லென்ஸ், அது இவள் கேமராவில் சேரவில்லை. பெட்டியைப் பிரித்தபோது அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா, சின்னதில் உன் தோளில் ஏறி உட்காருவாளே, அந்த முகம். கேமராவில் வைத்துத் திருகினாள், மறுபடி திருகினாள். நான் வேறு, நல்லா அழுத்துடி, புதுசு இல்ல, கொஞ்சம் முறுக்கிட்டுதான் வரும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, இது வேற கம்பெனிது பாட்டி, வாய் வேற மாதிரி இருக்கு என்றாள். ஒரு குக்கருக்கு இன்னொரு குக்கர் மூடி சேருமா, அந்தக் கதைதான். திடீரென்று கையில் கொடுத்து அவளை அசத்த வேண்டும் என்று நீ கேட்காமல் வாங்கிவிட்டாய், அவள் கேமரா என்ன கம்பெனி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, ஆசையாக வாங்குகிறவன் அதையெல்லாம் எங்கே யோசிப்பான்.

ஏதாவது வழி இருக்குமா என்று இரண்டு பேரும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கேமராக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வாய்க்காரர்தான், ஆனால் பொறுமையாகச் சொன்னார். நடுவில் ஒரு வளையம் போட்டுச் சேர்க்கலாம் பெரியம்மா, ஆனா இந்தக் கேமராவுக்கு அப்படிப் போட்டா கிட்ட இருக்கிறது தெளியும், தூரத்துல இருக்கிறது தெளியாது என்றார். தூரத்தைப் பார்க்கத்தானே அந்த லென்ஸையே வாங்கினது, அதுவும் இல்லையென்றால் அப்புறம் எதற்கு. முதல் கேமரா வாங்கினவங்க எல்லாரும் இந்த நீளத்துக்குத்தான் ஆசைப்படுறாங்க, கனம் வேற, வீட்டுக்குள்ள வெளிச்சம் பத்தாது, கூட வந்த குட்டை லென்ஸ்ல கொஞ்ச நாள் எடுத்துப் பழகுங்க, எது குறையுதுன்னு கைக்கே தெரியும், அப்ப வாங்குங்க என்றார். கடை வைத்துக்கொண்டு வாங்காதே என்கிறாரே, இவர் எப்படிப் பிழைப்பார் என்று நினைத்துக்கொண்டேன். உன் மகள், எனக்கு என்ன குறையுதுன்னு தெரியும் என்றாள். முகம் எடுக்கணும், வீட்டுக்குள்ள, விளக்கு வெளிச்சத்துலயே என்றாள். அவர் உடனே கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்துப் போட்டுக் காட்டினார், ஊறுகாய் பாட்டில் மூடி அளவுகூட இல்லை. அதன் மேல் ஒரு எண் எழுதியிருக்கிறது, அந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக உள்ளே போகுமாம், தலைகீழ்க் கணக்கு. முகம் மட்டும் தெளிவாக நிற்க, பின்னால் கிடக்கிற கொடித்துணியும் பாத்திரமும் கரைந்துபோகுமாம். ஒரே ஒரு குறை, இதைத் திருகி எதையும் கிட்டே இழுக்க முடியாது. யாரை எடுக்கிறீங்களோ அவங்ககிட்ட நீங்கதான் நடந்து போகணும் என்றார். இவள் அந்த லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

வரும் வழியில் அவளைக் கேட்டேன், அப்பாவிடம் சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை வாங்கச் சொல்லலாமா என்று. வேண்டாம் பாட்டி, அப்பா எத்தனை ஆசையா வாங்கியிருப்பாரு, தப்பா வாங்கிட்டேனேன்னு அங்க தனியா உக்காந்து வருத்தப்படுவாரு என்றாள். அந்த வாரம் நீ போனில் கூப்பிட்டாய். லென்ஸைப் போட்டுக் காட்டும்மா என்றாய். அவள் போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, கேமராவை ஒரு கையிலும் அந்த லென்ஸை இன்னொரு கையிலும் எடுத்து, சேர்ந்திருக்கிற மாதிரி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ சிரித்தாய், பெரிய போட்டோக்காரி மாதிரி இருக்கே என்றாய். அது கனம் கண்ணு. நீ போனை வைத்த பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டாள், அது உனக்குத் தெரிந்திருக்காது. அடுத்த வாரம் அதில் எடுத்த ஒரு பறவையை அனுப்பு என்று கேட்டாய். மொட்டைமாடிக்குப் போய் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்த புறாவைக் குட்டை லென்ஸில் எடுத்து, வெட்டி வெட்டிப் பெரிதாக்கி உனக்கு அனுப்பினாள். அதில் புறாவுக்குக் கண்ணே இல்லை, சாம்பல் புள்ளியாகத்தான் இருந்தது. நீ பிரமாதம் என்று எழுதினாய். அவள் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதாள். குழாய்ச் சத்தத்தில் அழுகை கேட்காது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ.

அவளுக்குச் சின்ன லென்ஸ் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுவரில் அவள் அம்மா படம் இருக்கிறதே, அதுவும் இந்தப் புறா மாதிரிதான். ஏதோ கல்யாணத்தில் கூட்டத்தின் ஓரத்தில் நின்றவளை வெட்டிப் பெரிதாக்கியது, கண் எது நிழல் எது என்று தேடத்தான் வேண்டும். உயிரோடு இருந்தபோது எல்லாரையும் எடுத்தவள் அவள்தான், அவளை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாகிட்ட யாருமே கிட்டப் போய் எடுக்கலையே பாட்டி என்று மைனா ஒரு நாள் சொன்னாள், சாதாரணமாகத்தான் சொன்னாள். இப்போது என்னை எடுக்கிறாள், கீரை ஆயும்போது, தூங்கும்போது. உன்னை எடுக்கத்தான் வழியில்லை. போனில் நீ தெரியும்போது அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள், அதில் பாதி, நீ கண் மூடின நேரம்.

அந்த நீள லென்ஸை வீணாக்கிவிட்டாள் என்று நினைக்காதே. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்குமாம், வாரம் தவறாமல் எடுத்து மெல்லிய துணியால் துடைத்து, உலர்த்துகிற பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைக்கிறாள். ஒன்றுக்கும் உதவாததை இப்படிப் பார்த்துக்கொள்கிறவளைத் திட்டவும் முடியவில்லை. பொய் சொல்கிறாளே என்று எனக்கு வருத்தமில்லை, உன் மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறாளே என்றுதான். பெற்றவர்கள் பிள்ளைக்காகச் செய்கிற வேலை அது. விருந்தாளியிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறோமே, அப்படி உன்னிடம் பேசப் பழகிவிட்டாள். ஊரையே கூட்டுவாள் என்று மைனா என்று பேர் வைத்தோம், நீ போனை வைத்த பிறகு அவள் பேசுவதே இல்லை. துக்கத்துக்கு வந்து போனவன் நீ, அதற்கப்புறம் வாசல்படி மிதிக்கவில்லை. இந்த வீட்டைப் பார்க்க உனக்குத் தாங்காது என்று எனக்குத் தெரியும். எனக்கும்தான் தாங்கவில்லை, ஆனால் நான் எங்கே போவேன், சமைக்க வேண்டுமே.

அதனால் வேறு லென்ஸ் எதுவும் அனுப்பாதே, சின்னதையும் அனுப்பாதே. நான் மறுபடியும் அந்தக் கடைக்குத் தனியாகப் போய் அந்தச் சின்ன லென்ஸை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். யார் பேருக்கு வைக்கட்டும் பெரியம்மா, பாதிப் பேர் எடுத்துவைக்கச் சொல்லிட்டு வர்றதே இல்ல என்றார். அந்தப் பொண்ணோட அப்பா வந்து வாங்கிக்குவார் என்றேன். எப்ப வருவார் என்றார். வருவார் என்று மட்டும் இன்னொரு தடவை சொன்னேன். நீ வந்து, அவளைக் கூட்டிக்கொண்டு போய், அந்த நீள லென்ஸைக் கேட்காமல் ஏன் வாங்கினேன் என்று அவளிடம் சொல்லிச் சிரித்து, இதை வாங்கிக் கொடு. அப்புறம் ஜன்னல் பக்கம் உட்கார், அவள் நடந்து உன் கிட்டே வருவாள், அசையாதே, கண்ணை மூடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீயும் உன் மகளும் நீண்ட நாள் சேர்ந்திருக்க என் ஆசீர்வாதம். போனில் அவளிடம் இதைப் பற்றி மூச்சுவிடாதே, லென்ஸைக் காட்டு என்று இனிமேல் கேட்கவும் கேட்காதே, அவளுக்குக் கை வலிக்கும்.

இப்படிக்கு,
உன் வரவைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கும்
அம்மா