என் சன், என்சன்

இன்று காலை துணிக்கொடியில் ஒரு கிளிப் உடைந்துவிட்டது. உன் நீலக் கட்டம் போட்ட சட்டை ஒரு தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். முகத்தை வைத்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசனையும் இல்லை, உன் வாசனையும் இல்லை. தூசிதான் இருந்தது.

போன லீவு முடிந்து கப்பலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நீயே துவைத்துப் போட்ட சட்டை. "ஈரமா கெடக்கும்மா. காஞ்ச பொறவு மடிச்சு வையி, அடுத்த லீவுக்குப் போட்டுக்கிடுதேன்" என்றாய். காய்ந்து மாதங்கள் ஆகிவிட்டன. நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ வரமாட்டாய் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

நேற்று உங்க அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஐயரைப் பார்த்துவிட்டு வந்தார். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணலாமாம். நாளைக்கு அமாவாசை. பையன் உடுத்திய துணி ஒன்று வேண்டுமாம்.

"ஏட்டி, அந்தச் சட்டையக் குடுத்துரு. எம்புட்டு நாளைக்குத்தான் பிள்ளைய அந்தரத்துல நிப்பாட்டி வைப்ப?" என்றார்.

"கடலு திருப்பித் தந்தாத்தான அவன் செத்தது? இன்னும் தரலையே" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் ஆத்திரம் இருக்கிறது. கடல்மேல் காட்ட முடியுமா?

என்சன் என்ற சொல்லை முதன்முதலில் நான் கேட்டது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில். மில்லில் ஷிப்டு முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு நின்றுகொண்டிருந்தேன். நீ போனில், "அம்மா, நாளைக்குக் காலைல என்சன் ஏத்துறது என் டூட்டி" என்றாய். பஸ் இரைச்சலில் என் காதில் விழுந்தது 'என் சன்'.

"ஏலே, இன்னும் பொண்ணே பாக்கல. அதுக்குள்ள என்னலே என் சன்னு?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் நீ மூச்சு முட்டச் சிரித்தாய். கப்பலின் பின்பக்கம் பறக்கிற கொடிக்குத்தான் அந்தப் பேர் என்று பிறகு சொன்னாய். அன்றிலிருந்து நீ போன் பேசும்போதெல்லாம் "என் சன் எப்படி இருக்கான்?" என்று கேட்பேன். "எந்தச் சன்னக் கேக்க? ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்பாய்.

லீவில் வந்தபோது, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் அந்தச் சொல்லின் கதையைச் சொன்னாய். எழுத்தைப் பார்த்துப் படித்தால் என்சைன் என்று வரும், கப்பல்காரர்கள் வாயில் என்சன் ஆகிவிடும் என்றாய். இலத்தீனில் அதற்கு அடையாளம் என்று அர்த்தமாம். அந்த அடையாளத்தைத் துணியில் போட்டுத் தூக்கியதால் அது கொடிக்குப் பெயராகி, கொடியைத் தூக்கியவனுக்கும் பெயராகி, கடைசியில் ஒரு பதவியாகவே ஆகிவிட்டதாம்.

"ஆபீசர்லயே கடைசி ரேங்க்கு. சின்னப் பயலுவளத்தான் போடுவாங்களாம். எதிராளி மொதல்ல அவனத்தான் சுடுவான். அவன் விழுந்தா அடுத்து நிக்கவன் கொடியப் புடிக்கணும், கீழ விடக் கூடாது. அமெரிக்காக் கப்பல்ல புது ஆபீசருக்கு இப்பவும் அந்தப் பேருதாம்மா."

"விழுந்த பயல யாரு தூக்குவா?" என்று கேட்டேன். "அதப் பத்தி எங்கயும் போடலையே" என்று சிரித்தாய். சிரிக்கிற காரியமா அது?

உன்னை அலை அடித்துக்கொண்டு போனது என்று சொல்ல இரண்டு பேர் யூனிபார்மில் வந்தார்கள். தேடுகிறோம் என்றார்கள். உடம்பில் அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். இடது முழங்கையில் தழும்பு, சைக்கிளிலிருந்து விழுந்தது என்றேன். அடையாளம் என்ற அந்தச் சொல் சுற்றிச் சுற்றி உன் உடம்புக்கே வந்துவிட்டது.

தேடுவதை நிறுத்திய அன்று, உன்னோடு வேலை பார்த்த சேத்தூர்ப் பையன் போன் பண்ணினான். "அம்மா, அவனுக்காக என்சன் அரைக்கம்பத்துல நிக்குதும்மா" என்றான். வருஷக்கணக்காக நாம் கேலி பேசிய சொல்தான். ஆனாலும் அந்த நேரம் என் காது பழையபடி பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டது; 'என் சன்' என்றே விழுந்தது. நம் ஊரில் பிள்ளையையும் 'நிக்குது' என்றுதானே சொல்வோம்.

"கம்பத்துலயா நிக்குது? அப்ப ஆளு இருக்கான்" என்றேன். "பையப் பைய இறக்குங்கய்யா. தோள்பட்டை வலி உண்டு அவனுக்கு. கையப் புடிச்சு இழுத்துராதீங்க."

அந்தப் பையன் ஓவென்று அழுதான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கொஞ்ச நேரம் நீ உயிரோடு இருந்தாய் ராசா. அதற்காகவே அந்தச் சொல்லை எனக்குப் பிடிக்கிறது. அதற்காகவே அதைக் கேட்கவும் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று முழுக்க அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடைந்த கிளிப்புக்குப் பதில் வேறு கிளிப் வீட்டில் இருந்தது. போடவில்லை. காலையில் ஏற்றிய கொடியைச் சூரியன் மறையும்போதுதான் இறக்குவோம், தரையில் படாமல் கையில் வாங்க வேண்டும் என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியதும் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"செத்த நேரம் வாங்க. ஆளுக்கு ஒரு பக்கம் புடிக்கணும்."

அவர் எழுந்து வந்தார். சட்டையின் ஒரு கையை அவரும் இன்னொரு கையை நானும் பிடித்து இறக்கினோம். அவர் பக்கம் காலர் நழுவிற்று. தரையில் படவிடவில்லை நான். மடித்து அவர் கையில் கொடுத்தேன். "செத்துட்டான்னு குடுக்கல. இறக்கிக் குடுக்கேன், அம்புட்டுத்தான்" என்றேன். அவர் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது வெறும் கொடி ஆடிக்கொண்டிருக்கிறது. மிஞ்சிய கிளிப் என் உள்ளங்கையில் இருக்கிறது. முன்னால் போகிறவன் விழுந்தால் அடுத்து நிற்பவன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாயே. வாங்கிவிட்டேன். ஆனால் இந்த வரிசையில் முன்னால் போக வேண்டியவள் நான். எனக்கு அடுத்து நிற்க வேண்டியவன் நீதானே, ராசா.