கற்பூர எண்ணெய்

ஜனவரி 12, திங்கள்

காலையில் பனிமூட்டம். இந்த அரபு ஊரில் ஜனவரி என்றால் இப்படித்தான். முன்னால் போகிற பஸ்ஸின் விளக்குகூடத் தெரியவில்லை. டியூட்டிக்குப் பிந்தியதற்கு இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேச்சு. பனிமூட்டத்தையும் நான்தான் வரவழைத்தேன் போல.

குழந்தைகள் எமர்ஜென்சி நிரம்பி வழிந்தது. எல்லாம் சளி, இருமல். ஒரு பையன், மூக்குக்குள் கொண்டைக்கடலை.

மத்தியானம் ஒரு பெண் குழந்தை, வயது ஒன்று, வலிப்போடு. தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள் வீட்டு வேலைக்காரி மகேஸ்வரி. என் நாட்டுக்காரிதான், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. காலில் செருப்பில்லை. குழந்தையின் தாய் ஆபீஸிலிருந்து வந்துகொண்டிருந்தாள். மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை. மூளைக்காய்ச்சலாக இருக்கும், முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கலாம் என்று பேச்சு. சுற்றிலும் மாணவர்கள். டீச்சிங் ஆஸ்பத்திரி என்றால் சாகக் கிடக்கிற பிள்ளைக்கும் பார்வையாளர் உண்டு.

பெரிய டாக்டர் குனிந்து முகர்ந்தார். இது என்ன வாசனை என்றார். என்னைப் பார்த்து, "அவளிடம் உன் பாஷையில் கேள்."

கேட்டேன். அழுகை மட்டும்.

"என்னத்தைப் பூசினனீர்? சொல்லும். உமக்கு ஒண்டும் வராது. நான் இருக்கிறன்."

"சளிக்கு மிஸ்ஸி... தேங்கா எண்ணெயில கற்பூரம் போட்டு காச்சி, நெஞ்சுல, முதுகுல, மூக்குல எல்லாம் தேச்சேன். காலையிலயும் தேச்சேன், இப்பவும் தேச்சேன். மேடம்தான் போன்ல தேய்க்கச் சொன்னாங்க."

திரும்பி டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில்: வேலைக்காரப் பெண் கற்பூர எண்ணெய் தேய்த்திருக்கிறாள், இரண்டு தடவை. அவ்வளவுதான். இங்கே நீட்டி முழக்கினால் திட்டு விழும். என்ன பொருள், எவ்வளவு, எப்போது. யார் சொல்லித் தேய்த்தாள் என்பது அதில் வராது. விட்டுவிட்டேன்.

கற்பூரம் தோலில் ஊறினால் சின்னப் பிள்ளைக்கு விஷம், வலிப்பு வரும். குழந்தையைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். வேறு மருந்து. வலிப்பு நின்றது. ஐ.சி.யு.

வாங்க வேண்டியது: பச்சரிசி, சர்க்கரை, பயறு. வியாழன் பொங்கல்.

ஜனவரி 13, செவ்வாய்

குழந்தை கண் திறந்துவிட்டது. பால் குடித்ததாம். சந்தோஷம். இந்த வேலையில் இப்படி ஒரு நாள் வந்தால் ஒரு மாதம் ஓட்டலாம்.

இடைவேளையில் மேலே போய்ப் பார்த்தேன். தாய் தமிழ்நாடு, எஞ்சினியர். பக்கத்தில் புருஷன். அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் அப்பவே சொன்னேன்ல, அந்தப் பொண்ணு சரியில்லன்னு."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. அவன் போன் பேச வெளியே போனதும் கேட்டேன்.

"நீங்கள்தானே போனிலை பூசச் சொன்னனீங்கள்?"

முகம் வெளுத்துவிட்டது. "மெதுவா பேசுங்க சிஸ்டர். எங்க வீட்ல சளி புடிச்சா அதான் தேய்ப்பாங்க, நானும் சொல்லிட்டேன். அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். நான் வேலைக்குப் போறதுக்கே அவங்க வீட்ல ஆயிரம் பேச்சு. அவளத்தான் ஊருக்கு அனுப்பிடுறோமே. அவளுக்கென்ன, அங்க அம்மா அப்பாவோட இருக்கப் போறா."

புருஷன் உள்ளே வந்தான். "பாப்பாவுக்கு என்ன சாப்பாடு குடுக்கலாம்னு சிஸ்டர் சொல்றாங்க" என்றாள். நானும் தலையாட்டினேன். கஞ்சி குடுக்கலாம் என்றுகூடச் சொன்னேன். வெட்கம் கெட்டவள் நான்.

ஜனவரி 14, புதன்

தூக்கமில்லை. குதிகால் வலி.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். தாய் சொல்லித்தான் மகேஸ்வரி செய்தாள், அன்றைக்கே என்னிடம் சொன்னாள், நான்தான் விட்டுவிட்டேன். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "யார் சொன்னார்கள் என்பதால் மருந்து மாறுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போனார்.

சமூகசேவைப் பிரிவு அம்மாளிடமும் சொன்னேன். அந்தக் குடும்பம்தான் அவளுக்கு விசா கொடுத்த கஃபீல், போலீஸுக்குப் போகாமல் டிக்கெட் போட்டு அனுப்புகிறார்கள், நல்ல மனிதர்கள், இதைக் கிளறாதே, கலாஸ், முடிந்த கதை என்றாள்.

பின்னேரம் லிஃப்ட் அருகே மகேஸ்வரி! கையில் ஒரு பை. பாஸ்போர்ட் மேடத்தின் கைப்பையில் இருந்ததாம். அதை வாங்கிக்கொண்டு அப்படியே ஏர்போர்ட். கூட டிரைவர்.

"ஒன்னும் வராதுன்னு சொன்னீங்களே மிஸ்ஸி."

அவள் கையிலிருந்த பையைப் பார்த்தேன்.

"மேடம் சொன்னதையும் டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னனான்."

"என்ன சொன்னாங்க?"

லிஃப்ட் பட்டனை அமுக்கினேன், அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

"பாப்பாவ ஒருக்கா பாக்கட்டுமானு கேட்டேன். தூங்குறான்னு கதவச் சாத்திட்டாங்க. முழிச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு மிஸ்ஸி, சிரிச்சிச்சு."

"யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினான் டிரைவர்.

ஜனவரி 15, வியாழன்

வெயில். பொங்கவில்லை. அரிசி பையோடு கிடக்கிறது. அம்மா போனில், பொங்கினியோ என்றாள். ஓம் என்றேன்.

காலையில் மாணவர்களுக்கு வகுப்பு. பெரிய டாக்டர் திரையில் போட்டார்: வேலைக்காரி, கற்பூரம், வலிப்பு. குழந்தையின் நெஞ்சுப் படம், எண்ணெய் மினுமினுப்போடு. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண் கேட்டாள், இவர்களுக்கு ஏன் இவ்வளவு அறியாமை என்று. தாயைப் பற்றி அவர் வாயில் ஒரு சொல் வரவில்லை. பின்வரிசையில் இருந்த எனக்கும் வாய் இருந்தது. திறக்கவில்லை.

கடைசியில் என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். இவள் அந்தப் பெண்ணைப் பேசவைத்திராவிட்டால் குழந்தை போயிருக்கும் என்றார். அது உண்மை. கைதட்டினார்கள்.

புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களுக்கு நான் ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமாம். வேலைக்காரப் பெண்களுக்கு நம்பிக்கை வரும்படி பேசி உண்மையை வாங்குவது எப்படி என்று. சரி என்றுவிட்டேன்.