ஒயர் வைத்ததையே அனுப்பு

திருவண்ணாமலை,
16.3.2008

அன்பு மகள் எழிலரசிக்கு,

அண்ணாமலையார் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளை சக்திவேலும் குழந்தை பூஜாவும் ஜெர்மனிக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம், கடலை மண்டி சுகம். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், நிலம் பார்க்க என்னோடு வருகிறாள். குரல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் நீ அழுவாய், நான் பேச்சு வராமல் வைத்துவிடுவேன். சரக்கு காட்டும்போது சொத்தையை மேலே வைத்துக் காட்டுவது என் வழக்கம், உனக்கே தெரியும். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். அம்மாவுக்குப் பழைய குரல் இனி வராது. போன ஆவணியில் தைராய்டு கட்டியை எடுத்தார்களே, அது குரல் நரம்பைச் சுற்றி வளர்ந்திருந்ததாம், நரம்பையும் சேர்த்து எடுத்தால்தான் உயிருக்கு நல்லது என்று ஆகிவிட்டது என டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். யார் பேரிலும் தப்பு இல்லை. இப்போது காற்று மாதிரி வருகிறதே ஒரு சின்னக் குரல், இனி அதுதான் அவள் குரல். சித்திரை பிறந்தால் சரியாகிவிடும் என்று அவளாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வெந்நீரும் பனங்கற்கண்டுமாக இருந்தாள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டி ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் இன்டர்காம் இரண்டு விதம் இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டு மாப்பிள்ளை அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. ஒயர் இல்லாதது விலை ஜாஸ்தி, ஒயர் வைத்தது கம்மி. விலையைப் பார்க்காதீங்கப்பா, நல்லதையே வாங்கலாம் என்று நீ கீழே எழுதியிருக்கிறாய். உன் மனசு புரிகிறது. ஆனால் விலை ஜாஸ்தியான சரக்கெல்லாம் நல்ல சரக்கு என்று நினைத்திருந்தால் நான் என்றைக்கோ மண்டியை இழுத்து மூடியிருப்பேன். இது எங்களுக்கு எதற்கு என்று மாப்பிள்ளைக்குச் சரியாகத் தெரியாது, நீ சொல்லு. மற்ற வியாபாரிகள் துண்டைப் போட்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். நாங்கள் வண்டியில் பேசுவோம். நிலத்தில் அம்மா நாலு செடியைப் பிடுங்கி, மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுப் பார்ப்பாள், விவசாயி எதிரில் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போகிற வழியில்தான் என் காதுக்கிட்ட வந்து, பருப்பு ஊறல, இன்னும் முத்தல, விலைய மேல ஏத்தாதீங்கன்னு சொல்லுவாள். அதுதான் என் விலை. உன் படிப்பும் கல்யாணமும் இந்த வீடும் அந்தப் பேச்சில் வந்தவை. மண்டியில் எப்போதும் கூட்டம், வீட்டில் யாராவது வந்து போய்க்கொண்டே இருப்பார்கள், நாங்கள் இரண்டு பேரும் மனசு விட்டுப் பேசிக்கொண்டது எல்லாம் வண்டிமேல்தான். போன வருசம் ஹெல்மெட் சட்டம் வந்து காதை மூடியது, அடுத்தாற்போல் ஆபரேஷன் வந்து அவள் குரலை எடுத்துக்கொண்டது. அதிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

போன மாசம் நடந்ததை உனக்குச் சொல்லவில்லை. வேங்கிக்கால் பக்கம் ஒரு நிலம் பார்த்துவிட்டு, மாதிரிக்கு ஒரு சின்ன மூட்டை மல்லாட்டையும் வாங்கிக்கொண்டு, அடி அண்ணாமலையில் பரசுராமன் நிலத்தைப் பார்க்கக் கிளம்பினோம். வழியில் பங்க்கில் பெட்ரோல் போட்டோம். அம்மா மூட்டையைத் தூக்கி சீட்டில் வைத்துவிட்டு, பம்ப்புக்கிட்ட விட்டுவந்த ஹெல்மெட்டை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். வண்டி ஒரு அழுத்து அழுந்தியதும் ஏறிவிட்டாள் என்று நான் கிளம்பிவிட்டேன். அன்றைக்கு அவளிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று எண்ணம். கிரிவலப் பாதையில் திரும்பியதும் ஆரம்பித்தேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திக் கத்தி, நரம்பு போனது, குரல் வராது, நீ மனசை விட்டுடாதே, நான் இருக்கேன் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். பால் வியாபாரி வேணு பின்னாலேயே துரத்தி வந்து வண்டியை மறித்து, இன்னாண்ணே, அண்ணிய பங்க்குலயே வுட்டுட்டு மூட்டைய ஏத்திக்கினு போறீங்களேன்னான். அவ்வளவையும் நான் மல்லாட்டை மூட்டைக்குச் சொல்லியிருக்கிறேன். திரும்பிப் போனேன். பங்க்கில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நானும் சிரித்தேன், அம்மாவும் சிரித்தாள். கையைத் தட்டித் தட்டி அவள் உள்ளங்கை சிவந்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு என் பக்கத்தில் வந்து, கத்தினேங்க, எனக்கே கேக்கலன்னு சொன்னாள். அதற்கு மேல் நான் எங்கே டாக்டர் பேச்சை எடுப்பது.

போன வாரம் செக்கப்புக்கு மெட்ராஸ் போனபோது, மவுண்ட் ரோடு பக்கம் வண்டி சாமான் விற்கிற அர்ஜுனன் கடைக்கும் போனோம். மாப்பிள்ளை படத்தில் இருக்கிற மாதிரியே இரண்டு விதமும் அவனிடம் இருந்தது. வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவன் வண்டிச் சாவியையே வாங்கிக்கொண்டேன். முதலில் ஒயர் இல்லாதது. நான் பேசியது அம்மாவுக்கு நன்றாகக் கேட்டதாம், அவள் பேசியது எனக்கு ஒன்றும் வரவில்லை. அர்ஜுனனைக் கேட்டால், சத்தம் ஒரு அளவுக்கு மேல் வந்தால்தான் அதன் மைக் தானாகத் திறக்குமாம், இல்லாவிட்டால் மூடியே கிடக்குமாம், காற்று இரைச்சல் வராமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்களாம். அம்மா பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், அது கதவையே திறக்கவில்லை. பெரிய குரல்காரர்களுக்குச் செய்த சாமான் அது. ஒயர் வைத்ததை எடு என்றேன். ஊரே ஒயரை அறுத்துப் போட்டுட்டுப் போவுது, நீங்க ஒயரைத் தேடி வர்றீங்களே பெரியவரே என்று அர்ஜுனன் கிண்டல் பண்ணினான். பண்ணட்டும். இதில் மைக் எப்போதும் திறந்தே இருக்கிறது, சத்தத்தைக் கூட்ட ஒரு திருகும் இருக்கிறது. முழுசாகத் திருகி வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் மூச்சு கேட்டது எழிலு. அம்மா மூச்சு விடுவது என் காதுக்குள்ளேயே கேட்டது. அப்புறம், கேக்குதான்னாள். கேக்குது கஸ்தூரின்னேன். முன்னாடி ஆட்டோ, பாத்துப் போங்கன்னாள். எனக்குக் கண் மறைத்தது. இப்போது சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று, மூட்டைக்குச் சொன்னதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். அப்போ சித்திரைக்கும் வராதான்னு கேட்டாள். எந்தச் சித்திரைக்கும் வராதுன்னேன். அதன் பிறகு இரண்டு தெரு தாண்டும் வரை மூச்சு மட்டும்தான் வந்தது. அந்த மூச்சு எப்படி இருந்தது என்று உனக்கு எழுத மாட்டேன். கடைத் தெருவில் திரும்பும்போது, இதுக்கு இன்னா விலை சொல்றான்னு கேட்டாள். சொன்னேன். மைக்குல பஞ்சு பிஞ்சு கெடக்குது, பழைய சரக்கு, இந்த விலைக்கு வேணாம், எழிலுதான் அனுப்பறேங்குதே, ஒயர் வெச்சதையே அனுப்பச் சொல்லுங்கன்னாள். அப்படியே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். ஊருக்கு வந்து வழக்கம்போல் வெந்நீர் வைத்தாள். பனங்கற்கண்டு டப்பாவை எடுக்கவில்லை.

ஆகையால் நீ இனி போனில், குரல் எப்படிம்மா இருக்குன்னு கேட்காதே. கேக்கல கேக்கலன்னு கத்தவும் கத்தாதே, அவள் செவிடு இல்லை. டிவியை நிறுத்திவிட்டு, பூஜாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, காதைக் கொடுத்துக் கேள், கேட்கும். மாப்பிள்ளைக்கு என் நன்றியைச் சொல்லு, அவர் காட்டிய விலை ஜாஸ்தி சாமானை அப்பா தட்டிக் கழித்துவிட்டார் என்று அவர் வருத்தப்படக் கூடாது. பனி நேரத்தில் குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்கிற தூரத்திலேயே என்றைக்கும் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்று மறந்துவிடாதே. ஒயர் நீளமாக இருந்தால் நல்லது என்று கடையில் சொல்லுவான், கேட்காதே. கம்மியான நீளமே பார்த்து வாங்கு. அம்மா வண்டியை விட்டு இறங்கினால் அது என்னைப் பிடித்து இழுக்க வேண்டும்.

உன் அப்பா,
ராஜமாணிக்கம்